மூடுபனியில் சிவப்பு ஃபில்டர் எதற்கு? கோல்டன் கேட் பக்கம் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தது

கருப்பு வெள்ளையில் படம் எடுக்கிறவர்களிடம் மூடுபனி என்று பேச்செடுத்தாலே "சிவப்பு ஃபில்டர் மாட்டு, பனியைக் கிழித்துக்கொண்டு போகும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தூரத்து மலை நீலமாக மங்கித் தெரிகிறபோது சிவப்பு ஃபில்டர் உதவும் என்பது உண்மைதான். அதே மருந்தை மூடுபனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். நான் இருப்பது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில். கோடையில் கோல்டன் கேட் பாலம் அநேக நாட்களில் காலையும் மாலையும் பனிக்குள்தான் கிடக்கும், சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஒரே கேமரா, ஒரே பிலிம், ஒரே டெவலப்பர், ஃபில்டரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஃபில்டரும் மூடுபனியை ஊடுருவாது. ஆனால் பனிக்குள் நிற்கிற பொருள் எந்தச் சாம்பலாகப் பதிய வேண்டும் என்பதை ஃபில்டர் மாற்றும், அதை மட்டும் வைத்துக்கொண்டே படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடலாம்.

ஏன் ஊடுருவாது என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல். சுத்தமான காற்றில் ஒளியைச் சிதறடிப்பவை மூலக்கூறுகள், அவை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அந்த அளவில் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகும். 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். அதனால்தான் தூரத்து மலைகள் நீலமாகத் தெரிகின்றன, நீலத்தை வெட்டினால் தெளிகின்றன. மூடுபனித் துளி அப்படியில்லை. பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் இருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். அவ்வளவு பெரிய துளிக்கு நீலமும் ஒன்றுதான் சிவப்பும் ஒன்றுதான், எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடித்துவிடும். மூடுபனி வெள்ளையாக இருப்பதே இதற்கு அத்தாட்சி. அகச்சிவப்பு ஓரம் வரை போகும் பிலிமில் 720 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டினாலும் கதை மாறாது, அதுவும் துளியைவிடப் பல மடங்கு சின்ன அலைதான்.

சரி, இந்தக் கரையின் பனி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்போது கிளம்ப வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. கலிபோர்னியா கரையை ஒட்டி ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது, கோடையிலும் கடல் 12, 13 டிகிரி செல்சியஸ்தான். மேலே வீசுகிற ஈரக்காற்று அந்த நீரில் பட்டுக் குளிர்ந்து பனியாகிறது. உள்நாட்டுச் சமவெளி 38, 40 டிகிரிக்குக் காய்ந்து காற்று மேலெழும்பும்போது, மலைத்தொடரில் கடல்மட்டத்திலேயே இருக்கும் பெரிய இடைவெளியான கோல்டன் கேட் வழியாக இந்தப் பனியை உள்ளே இழுக்கிறது. ஆக, உள்நாட்டில் வெயில் கொளுத்துகிற நாளில் பாலத்தில் பனியும் காற்றும் சேர்ந்து அடிக்கும். அமைதியான மூடுபனியை எதிர்பார்த்து வந்தால் ட்ரைபாட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சாமான்கள்: நிக்கான் எஃப்எம்2 கேமரா, 28, 50, 105 மில்லிமீட்டர் லென்ஸ்கள். மூன்றுக்கும் 52 மில்லிமீட்டர் மரை, அதனால் ஒரு செட் ஃபில்டர் போதும். பிலிம் 400 வேக இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். படத்தில் துகள் மெல்லியதாக விழும் 125 வேக எஃப்பி4 பிளஸ் எடுக்கலாமே என்று தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போன நாட்களில் பனிக்குள் 400 வேகப் பிலிமுக்கு எஃப் 8-இல் 1/250 வினாடி காட்டியது. சிவப்பு ஃபில்டருக்கு 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), பனி வெள்ளையாக விழ இன்னொரு ஸ்டாப், 1/15-க்கு வந்துவிட்டோம். 125 வேகப் பிலிமில் இது கிட்டத்தட்ட 1/4 ஆகிவிடும். அந்தக் காற்றில் 1/4 வினாடி என்பது வேண்டுதல்.

ஃபில்டர்கள் மஞ்சள் 8, ஆரஞ்சு 21, சிவப்பு 25, மஞ்சள் கலந்த பச்சை 11, நீலம் 47. இதெல்லாம் ராட்டன் எண்கள். ஃபிரெடரிக் ராட்டன் என்ற ஆங்கிலேயரின் கம்பெனியை 1912-இல் கோடாக் வாங்கியது, எண்கள் அப்படியே நின்றுவிட்டன. முதல் நான்கும் கண்ணாடியில் சுலபமாகக் கிடைக்கும். நீலம் 47 கண்ணாடியில் கிடைப்பது கஷ்டம், ஜெலட்டின் தாளாகத்தான் கையில் வந்தது. ஜெலட்டினுக்கு ஈரம் ஆகாது, மூடுபனிக்கோ ஈரத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். நிறமில்லாத பழைய யூவி ஃபில்டர் இரண்டு எடுத்து, ஒன்றின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்வளையத்தைக் கழற்றி, கண்ணாடியின் அளவுக்குத் தாளில் வட்டம் வரைந்து, ஜெலட்டினை இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவில் வைத்துக் கூரான கத்தரிக்கோலால் சேர்த்து வெட்டினேன். வெறும் ஜெலட்டினை விரலால் தொட்டால் ரேகை அப்படியே தங்கிவிடும், ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடிக்க வேண்டும். கண்ணாடியின் பின்பக்கம் அதை வைத்து உள்வளையத்தை முடுக்கி, லென்ஸ் பக்கம் இரண்டாவது யூவி ஃபில்டரைத் திருகிவிட்டால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஜெலட்டின் பத்திரமாக இருக்கும். கண்ணாடி கூடுதலாகச் சேர்வதால் விளக்கோ சூரியனோ நேரே விழும் காட்சிக்கு இது வேண்டாம். 28 லென்ஸில் மூலைகள் இருட்டும். 50-க்கும் 105-க்கும் பிரச்சினை இல்லை.

எக்ஸ்போஷர் அளப்பதில் ஒரு முறைக்கு வந்து சேர்ந்தேன். ஃபில்டர் இல்லாமல் பனியை நேரே அளப்பது, ஒரு ஸ்டாப் கூட்டுவது, அப்புறம் ஃபில்டரின் கணக்கைக் கையால் சேர்ப்பது. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைக்கும், கூட்டாமல் விட்டால் பனி அழுக்குத் துணி நிறத்தில் வரும். மஞ்சளுக்கு 1 ஸ்டாப், ஆரஞ்சுக்கு 2-க்குக் கொஞ்சம் மேல், பச்சை 11-க்கு 2, சிவப்புக்கு 3, நீலத்துக்குக் கிட்டத்தட்ட 3. லென்ஸ் வழியாகவே அளக்கிற கேமராவில் ஃபில்டரை மாட்டிக்கொண்டே அளக்கலாமே என்றால், மஞ்சளுக்குச் சரி. சிலிக்கான் மீட்டர் சிவப்பைப் பிலிமைவிட அதிகமாகப் பார்க்கிறது, சிவப்பு 25 மாட்டிக்கொண்டு அளந்தால் "நிறைய வெளிச்சம் இருக்கிறது" என்று நம்பிவிடும், நெகட்டிவ் மெலிந்து வரும்.

முதல் இடம் பாட்டரி ஸ்பென்சர், பாலத்தின் வடமுனைக்கு மேலே உள்ள பழைய பீரங்கி மேடை. வடக்குக் கோபுரம் கிட்டத்தில் நிற்கும், கோபுரத்தின் உயரம் நீர்மட்டத்திலிருந்து 227 மீட்டர், பனியில் பாதிக்கு மேல் காணாமல் போய் மறுபடி முளைக்கும். பாலத்தின் நடுவிலும் தெற்குக் கோபுரத்திலும் இருக்கும் மூடுபனிச் சங்குகள் அலறிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும்.

ஃபில்டர் இல்லாத படத்தில் கோபுரம் நடுச்சாம்பல், பனி வெளிர்சாம்பல், பார்க்கலாம் ஆனால் சுரத்தில்லை. மஞ்சள் போட்டதும் போடாததும் பக்கத்தில் வைத்தால்கூட எது எது என்று சொல்ல முடியாது. வானம் இல்லாத இடத்தில் மஞ்சளுக்கு என்ன வேலை? ஆரஞ்சு போட்டதும் கோபுரம் வெளுக்கத் தொடங்கியது. சிவப்பு போட்டதில், பனியைக் கிழித்து இரும்பை வெளியே கொண்டுவர வேண்டிய அந்தச் சிவப்பு ஃபில்டர், கோபுரத்தையே பனிக்குள் கரைத்துவிட்டது. பாலத்தின் நிறம் ஆரஞ்சும் சிவப்பும் கலந்தது, தன் நிறத்தை ஒத்த ஃபில்டர் வழியாக அது பிரகாசமாகத்தான் தெரியும், பனியும் பிரகாசம், வெள்ளையில் வெள்ளை. கோபுரத்தின் குறுக்குச் சட்டங்களின் அடிப்பக்க நிழல் மட்டும் கோடுகளாக மிஞ்சியது. இது அழகில்லை என்று சொல்லமாட்டேன், ஆவி மாதிரி ஒரு பாலம் வேண்டுமென்றால் சிவப்பைத்தான் போட வேண்டும்.

பச்சை 11 போட்டதும் நேர் எதிர். கோபுரம் கருத்துக் கெட்டியாக நின்றது, கிட்டத்தில் இருக்கும் தொங்கு கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நீலம் 47-இல் இன்னும் ஒரு படி மேலே போய் பாலம் கிட்டத்தட்ட கரி. சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளில் எடுத்த படம்போல ஒரு தோற்றம். எனக்குப் பிடித்தது பச்சைதான். நீலத்தில் இரும்பின் உள்ளே இருக்கும் விவரங்களும் கருப்புக்குள் போய்விடுகின்றன, அப்புறம் 3 ஸ்டாப் வேறு இழக்கிறோம்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது பாலத்தின் நிறம்தான். 1937-இல் திறந்த இந்தப் பாலத்துக்குக் கடற்படை கருப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடிக்கச் சொன்னது, கப்பல்களின் கண்ணில் படவேண்டும் என்று. கட்டடக் கலைஞர் இர்விங் மாரோ, இரும்பு வந்திறங்கியபோது அதன்மேல் பூசியிருந்த ஈயச் சிவப்பு அடிப்பூச்சைப் பார்த்து அந்தச் சாயலிலேயே இன்டர்நேஷனல் ஆரஞ்சைத் தேர்ந்தார். சுற்றிலும் உள்ள குன்றுகளோடு ஒத்துப்போகும், பனியிலும் தனித்துத் தெரியும் என்பது அதன் சௌகரியம். ஆக, பனியில் தெரிவதற்காகக் கொடுத்த நிறம், கருப்பு வெள்ளைப் பிலிமில் அந்த வித்தியாசத்தை முக்கால்வாசி இழந்துவிடுகிறது. பிலிமுக்கு வெளிச்சத்தின் அளவுதான் தெரியும், நிறம் தெரியாது. பச்சை ஃபில்டர் அந்த வித்தியாசத்தை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் பச்சைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அதே பிரேமில் தூரத்தில் இருக்கும் தெற்குக் கோபுரத்தில் எந்த ஃபில்டருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. காரணம் இதுதான்: ஒரு பொருளுக்கும் பின்னால் உள்ள பனிக்கும் இடையே உள்ள கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், தூரத்தோடு மளமளவென்று தேய்கிறது. வானிலைக்காரர்கள் பார்வைத் தூரம் என்று சொல்வது, அந்தக் கான்ட்ராஸ்ட் 2 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தை. பார்வைத் தூரம் 400 மீட்டர் என்றால், 200 மீட்டரில் இருக்கும் பொருளுக்கு அதன் சொந்தக் கான்ட்ராஸ்ட்டில் 14 சதவீதம்தான் மிஞ்சும், 100 மீட்டரில் 38 சதவீதம். ஃபில்டர் கூட்டித் தருவது அந்தச் சொந்தக் கான்ட்ராஸ்ட்டை மட்டும், மீதியைப் பனி தின்றுவிடும். அதனால் இப்போதெல்லாம் இடத்துக்குப் போனதும் முதலில் எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துக்கொள்கிறேன், அதில் கால்வாசித் தூரத்துக்குள் இருப்பதற்கு மட்டும் ஃபில்டரைப் பற்றி யோசிக்கிறேன். அதற்கு அப்பால் உள்ளதை எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது, கால்நடையாகக் கிட்டே போவதுதான் வழி.

சிவப்பு ஃபில்டரை இவ்வளவு திட்டிவிட்டு அதற்குரிய இடத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அது பனிக்கு மேலே. பாட்டரி ஸ்பென்சரிலிருந்து அதே சாலையில் மேலே ஏறினால் ஹாக் ஹில், 281 மீட்டர். பனி அடுக்கு தாழ்வாக இருக்கிற நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே வெள்ளைப் பரப்பு, கோபுர நுனிகள் மட்டும் வெளியே, தலைக்கு மேல் நீல வானம். இங்கே சிவப்பு 25 புத்தகத்தில் சொன்னபடியே நடந்துகொள்கிறது, வானம் கருக்கும், பனி வெளுக்கும். அதைவிட முக்கியமானது பனியின் மேற்பரப்பு. வெயில் படாத பள்ளங்களுக்கு நீல வானத்தின் வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கிறது, அதனால் அந்த நிழல்கள் நீலம். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தை வெட்டுவதால் பள்ளம் ஆழமாகி, பரப்பின் மடிப்புகள் எல்லாம் எழும்பி வருகின்றன. ஃபில்டர் இல்லாத படத்தில் அது வெறும் வெள்ளைப் போர்வை. 1927-இல் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை அடர்சிவப்பு 29 வழியாக எடுத்து வானத்தைக் கருக்கினார் என்பது ஊரறிந்த கதை. சிவப்பு ஃபில்டருக்கு இவ்வளவு பேர் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அது மலைக்காற்று, மூடுபனி இல்லை.

நிறத்துக்கு ஏற்ற ஃபில்டர் என்பது பாலத்தோடு நிற்கவில்லை. தெற்கே கார்மல் பக்கம் பாயின்ட் லோபோஸில் மான்டெரி சைப்ரஸ் மரங்களின் கிளைகளில் துருப்பிடித்த ஆரஞ்சில் ஒரு பாசி படர்ந்திருக்கும், ட்ரென்டபோலியா. இனம் என்னவோ பச்சைப் பாசிதான், கரோட்டின் மிகுந்து ஆரஞ்சாகத் தெரிகிறது, இந்தக் கடல் ஈரத்தில் நன்றாக வளர்கிறது. மரம் பத்தடி தூரத்தில் நிற்கிறது, பனிக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை. ஆரஞ்சு 21 போட்டால் கிளைகள் வெளுத்து, கரும்பச்சை இலைக்கொத்து பின்னால் இறங்கிவிடும். பச்சை போட்டால் கிளையும் இலையும் ஒன்றாகி அடையாளம் தெரியாத புதர். பாலத்தில் ஜெயித்த ஃபில்டர் இங்கே தோற்கிறது. பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டரும் இங்கேதான் கொஞ்சம் பயன்பட்டது. பனியை அது ஒன்றும் செய்யாது, ஆனால் நனைந்த இலையிலும் பாறையிலும் உள்ள பளபளப்பைக் குறைத்து இருளைக் கூட்டித் தந்தது.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது அரைகுறை. காருக்குள் ஏசியில் லென்ஸ் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிட்டால் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும், அதனால் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுகிறேன், பையும் திறந்தே இருக்கும். அது சரியானாலும் காற்று துளிகளைக் கொண்டுவந்து ஃபில்டரில் ஒட்டும். லென்ஸின் முன்னால் நீளமான ஹூட் (மறைப்புக் குழல்) போட்டு, படம் எடுக்கும் வரை லென்ஸைத் தரையைப் பார்க்க வைத்திருப்பது ஓரளவு காப்பாற்றும். இந்தத் துளியில் கடல் உப்பு இருக்கிறது, காய்ந்தபின் உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதி, அப்புறம் லென்ஸ் தாளில் காய்ச்சி வடித்த நீர் தொட்டு ஒற்றி எடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். அலுமினிய வளையம் கொண்ட ஃபில்டர் உப்பில் இறுகிக்கொள்ளும், பித்தளை வளையம் பரவாயில்லை. இறுகினால் விரல்களால் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துத் திருகாதீர்கள், வளையம் நீள்வட்டமாகி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை விளிம்பில் போட்டு உள்ளங்கையால் சமமாக அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும்.

டெவலப் செய்ததில் ஒரே மாற்றம்தான். பனிக்குள் எடுத்த ரோலில் காட்சியின் மொத்தக் கான்ட்ராஸ்ட்டே மூன்று, நாலு ஸ்டாப்தான், அதனால் ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்த கலவையில் 20 டிகிரியில் 13 நிமிடம் என்பதை 16 ஆக்கினேன். ஹாக் ஹில்லில் எடுத்த ரோலுக்கு இது கூடாது, அங்கே வெயிலும் சிவப்பு ஃபில்டரும் சேர்ந்து ஏற்கனவே கான்ட்ராஸ்ட் எகிறிக் கிடக்கிறது, அதற்கு 13 நிமிடமே போதும். ஆக பனிக்குக் கீழே ஒரு ரோல், மேலே ஒரு ரோல் என்று பிரித்துவைப்பது நல்லது. அச்சிடும்போது பச்சை ஃபில்டர் நெகட்டிவ் கிரேடு 3 தாளிலேயே உட்கார்ந்தது (கிரேடு எண் கூடினால் கான்ட்ராஸ்ட் கூடும்), சிவப்பு நெகட்டிவ்வில் கோபுரத்தைக் கொண்டுவர கிரேடு 5-க்குப் போயும் வரவில்லை, துகள்தான் வந்தது.

டிஜிட்டலில் எடுப்பவர்களுக்கு இதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு செய்யும் வேலை. நிறத்தோடு ரா (raw) கோப்பாக எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சு ஸ்லைடரைக் கீழே இழுத்தால் பச்சை ஃபில்டர் போட்டதற்குச் சமம். லென்ஸில் நிற ஃபில்டர் மாட்டவே தேவையில்லை, மாட்டினால் நஷ்டம், சாதாரண சென்சாரில் சிவப்பு பார்க்கும் புள்ளிகள் கால்வாசிதான். ஆனால் லைக்கா எம் மோனோகுரோம், பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோகுரோம் மாதிரி நிறமே அறியாத சென்சார் வைத்திருப்பவர்கள் பிலிம்காரர்களோடு ஒரே படகில்தான், இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

அடுத்து முயன்றுகொண்டிருப்பது ஹாக் ஹில்லிலிருந்து பனி வழிந்தோடுவதை நீண்ட எக்ஸ்போஷரில் எடுப்பது. சிவப்பு 25-ஓடு 6 ஸ்டாப் குறைக்கும் சாம்பல் ஃபில்டரையும் சேர்த்து 105 லென்ஸில். நீண்ட எக்ஸ்போஷரில் பிலிமின் உணர்வு குறைவதால், எச்பி5-க்கு இல்ஃபோர்ட் கொடுக்கும் கணக்குப்படி அளந்த வினாடிகளை 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும், அளந்தது 4 என்றால் 6, 10 என்றால் 20, 30 என்றால் 86 வினாடி. இதுவரை பார்த்ததில் 6 வினாடியில் மடிப்புகள் நீண்டு ஓட்டம் தெரிகிறது, 20-க்கு மேல் போனால் சிவப்பு ஃபில்டர் எழுப்பிக் கொடுத்த அந்த நிழல்களெல்லாம் வழித்துத் துடைத்ததுபோல் சமமாகிவிடுகின்றன. காற்று மெதுவாக இருக்கிற நாளில் 10 வினாடிவரை தாங்கும் என்று தோன்றுகிறது, அப்படி ஒரு நாள் கோடையில் கிடைப்பது அபூர்வம், செப்டம்பரில் பார்க்க வேண்டும்.